பேரல் ரேசிங்: மூன்று பேரல், ஒரு குதிரை, 17 நொடி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸ் பக்கம் குடியேறிய நம்மவர்கள் ரோடியோ (கவ்பாய்களின் குதிரை, மாட்டு வீர விளையாட்டு) பார்த்துவிட்டு வந்தால் பெரும்பாலும் துள்ளும் காளையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்தத் திடலில் மிகவும் பிடித்தது பேரல் ரேசிங். அதைப் பற்றி நண்பர்களும் உறவுக்காரர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். குதிரையேற்றம் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதே நோக்கம்.

பேரல் ரேசிங் என்றால் என்ன?

திடலில் மூன்று இரும்புப் பேரல்களை முக்கோணமாக வைத்திருப்பார்கள். குதிரை முழு வேகத்தில் உள்ளே வரும். மூன்றையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பி ஓட வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓடிய தடம் மூன்று இதழ் கொண்ட இலையாகத் தெரியும். குறைந்த நேரத்தில் முடித்தவருக்கு வெற்றி. அழகுக்கு மதிப்பெண் கிடையாது. நடுவரின் ரசனைக்கும் இடமில்லை. கடிகாரம் சொல்வதுதான் தீர்ப்பு.

பேரல் என்பது 55 காலன் டிரம், அதாவது சுமார் 208 லிட்டர். நம் ஊரில் ரோடு போடும் இடத்தில் தார் டிரம் நிற்குமே, கிட்டத்தட்ட அந்த அளவு. காலியாக இருக்கும், இரண்டு பக்கமும் மூடியிருக்கும். தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி பளிச்சென்ற நிறம் அடித்திருப்பார்கள்.

ரோடியோவின் மற்ற போட்டிகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ரோடியோ போட்டிகள் இரண்டு வகை. முதல் வகையில் துள்ளும் குதிரை மீதோ காளை மீதோ 8 நொடி தாக்குப்பிடிக்க வேண்டும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். இரண்டாவது வகையில் கடிகாரம் மட்டும்தான். கயிறு வீசிக் கன்றைப் பிடிப்பது, இரண்டு பேர் சேர்ந்து மாட்டைக் கயிற்றில் மடக்குவது, ஓடும் மாட்டின் மேல் குதிரையிலிருந்து தாவி அதைச் சாய்ப்பது எல்லாம் இந்த வகை. பேரல் ரேசிங்கும் இதில்தான் வருகிறது. தொழில்முறை ரோடியோவின் நேரம் பார்க்கும் போட்டிகளில் மாடே இல்லாதது இது ஒன்றுதான். குதிரையும் ஆளும் மட்டும்.

பேரல்களை எவ்வளவு தூரத்தில் வைப்பார்கள்?

முழு அளவு திடல் என்றால் முதல் பேரலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதுக்கு 105 அடி. நேரக் கோட்டிலிருந்து முதல் இரண்டு பேரல்களுக்கு 60 அடி. கணக்குப் போட்டால், மூன்றாவது பேரலைச் சுற்றிய பிறகு கோடு வரை சுமார் 155 அடி நேர் ஓட்டம் இருக்கும். கூட்டம் எழுந்து நின்று கத்துவது அந்த ஓட்டத்துக்குத்தான்.

எல்லாத் திடலும் இந்த அளவுக்கு இடம் தராது. இடம் சிறியதாக இருந்தால் அளவுகளையும் குறைத்துக்கொள்வார்கள். அதனால் ஒரு திடலில் எடுத்த நேரத்தை இன்னொரு திடலின் நேரத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது.

முதலில் வலப்பக்கமா, இடப்பக்கமா?

எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தொடங்கலாம். வலது பேரலில் தொடங்கினால் ஒரு வலத் திருப்பம், பிறகு இரண்டு இடத் திருப்பம். இடதில் தொடங்கினால் நேர் எதிர். மனிதர்களில் இடக்கைக்காரர் இருப்பதுபோல் குதிரைக்கும் வசதியான பக்கம் உண்டு. அதைப் பார்த்து ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள். போட்டியில் பெரும்பாலானவர்கள் வலது பேரலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். வரிசையை மாற்றிவிட்டாலோ, தப்பான பக்கம் சுற்றினாலோ அந்த ஓட்டத்துக்கு நேரமே கிடையாது.

நேரத்தை எப்படி அளக்கிறார்கள்?

கோட்டின் இரு முனையிலும் மின்கண் வைத்திருப்பார்கள். குதிரையின் மூக்கு அந்த ஒளிக்கதிரை வெட்டியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும், திரும்பி வந்து வெட்டும்போது நிற்கும். குதிரை நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டியதில்லை. வாசலுக்கு வெளியே உள்ள நீண்ட சந்திலேயே வேகம் பிடித்துக்கொண்டு வரலாம்.

பெரிய ரோடியோக்களில் நொடியை நூறில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள். சில சங்கங்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. நூறில் ஒரு பங்கு நொடியில் பாய்ந்து வரும் குதிரை ஒரு சாண் தூரம்கூட நகர்ந்திருக்காது. அந்த இடைவெளியில் முதல் பரிசு கைமாறிப் போவது வாராவாரம் நடக்கிறது. ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்திக்கொண்டிருந்த காலத்தில் இந்த நியாயம் கிடைத்திருக்காது. இந்தப் போட்டிகளை நடத்தும் பெண்கள் ரோடியோ சங்கம் 1980-இல் தன் போட்டிகள் எல்லாவற்றுக்கும் மின்கண்ணைக் கட்டாயமாக்கியது. விளையாட்டையே மாற்றிய முடிவு அது.

எத்தனை நொடி எடுத்தால் நல்ல நேரம்?

முழு அளவு திடலில் 17 நொடியை ஒட்டி ஓடினால் தொழில்முறைத் தரம். லாஸ் வேகஸில் தேசிய இறுதி ரோடியோ நடக்கும் தாமஸ் அண்ட் மேக் அரங்கம் சிறியது, அதனால் அங்கே 13, 14 நொடிகளில் முடியும். 2017-இல் அங்கே பத்தாவது சுற்றில் ஹெய்லி கின்ஸல், சிஸ்டர் என்று செல்லமாக அழைக்கப்படும் தன் பெண் குதிரையில் 13.11 நொடியில் ஓடினார். மறுகோடியில் ஓரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் ரோடியோ இருக்கிறது. அங்கே திடல் மிகப் பெரியது, புல்தரையைக் குறுக்காகக் கடந்து ஓட வேண்டும், 28 நொடியை ஒட்டி ஆகும்.

பேரல் விழுந்தால் என்ன ஆகும்?

ஒரு பேரலுக்கு 5 நொடி கூட்டிவிடுவார்கள். நூறில் ஒரு பங்கு நொடியை எண்ணுகிற விளையாட்டில் 5 நொடி என்றால் கதை முடிந்தது. சில சங்கங்களில் அதுவும் கிடையாது, பேரல் விழுந்தால் நேரமே இல்லை. ஆனால் உரசலாம். ஆடுகிற பேரலைக் கையால் பிடித்து நிறுத்தவும் அனுமதி உண்டு. பாய்கிற குதிரை மேல் உட்கார்ந்தபடி பின்னால் கை நீட்டி, சாயும் பேரலின் விளிம்பைத் தட்டி நிமிர்த்துவதைப் பார்த்தால் ஒரு நொடி மூச்சு நின்றுவிடும்.

அந்தத் திருப்பத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விளையாட்டு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

வலது பேரலில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்திலிருந்து புறப்படும்போது இரண்டு கையும் லகானில் இருக்கும். அவர் பேரலைப் பார்க்க மாட்டார். பேரலுக்குச் சில அடி தள்ளி, தரையில் ஒரு புள்ளியைப் பார்ப்பார். எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் குதிரை போகும். பேரலைப் பார்த்தால் பேரல் மேல்தான் போய் மோதும். பயிற்சியாளர்கள் மாணவர்களிடம் சலிக்காமல் சொல்வது இதைத்தான்.

புள்ளியை நெருங்கும்போது அதுவரை சற்று முன்னால் சாய்ந்திருந்தவர் இடுப்பைத் தளர்த்திச் சேணத்தில் ஆழமாக உட்காருவார். நல்ல குதிரைக்கு அது போதும். லகானை இழுக்க வேண்டியதில்லை. பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, பிட்டத்தைத் தாழ்த்தி, பாரம் முழுவதையும் பின்னால் வாங்கிக்கொள்ளும். இதை இவர்கள் ரேட் என்கிறார்கள். அதே கணத்தில் அவருடைய இடக்கை லகானை விட்டுச் சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைப் பிடிக்கும். வலக்கை மட்டும் லகானோடு தாழ்வாக இருக்கும். கொம்பை இழுப்பவர் முன்னால் வீசப்படுவார். அதைத் தள்ளிப் பிடிப்பவர்தான் சேணத்தில் ஆழமாக உட்கார்ந்திருப்பார்.

குதிரையின் உடல் விலா முதல் வால் வரை பேரலைச் சுற்றி வளையும். ஓட்டுபவரின் உள்பக்கக் காலுக்கும் பேரல் விளிம்புக்கும் இடையே சில அங்குலம்தான். முழங்கால் தட்டுவது சாதாரணம், பலர் ஜீன்ஸுக்குள் முழங்கால் காப்பு அணிகிறார்கள். மண் வாரி இறைக்கும். சுற்றி முடிப்பதற்குள் அவர் கண் அடுத்த பேரலுக்குப் போயிருக்கும்.

முதல் பேரலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இன்னொன்று நடக்கிறது, பார்வையாளர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பாய்ச்சலில் குதிரை எப்போதும் ஒரு பக்க முன்காலை முன்னால் போட்டுத்தான் ஓடும். வலத் திருப்பத்துக்கு வலக்கால் முன்னால் இருக்க வேண்டும், இடத் திருப்பத்துக்கு இடக்கால். அந்த 90 அடிக்குள், வேகம் குறையாமல், அந்தரத்தில் இருக்கும்போதே அது காலை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் இரண்டாவது திருப்பத்தில் அகலமாகப் போகும். அங்கே போன நேரத்தை எந்த ஓட்டத்தாலும் மீட்க முடியாது.

அப்படியானால் வேகம் முக்கியமில்லையா?

வேண்டும். ஆனால் வேகமான குதிரை கிடைப்பது கஷ்டமில்லை. சரியான இடத்தில் வேகத்தைக் குறைக்கத் தெரிந்த குதிரை கிடைப்பதுதான் கஷ்டம். இரண்டு எட்டு முன்னாலேயே குறைத்தால் நேரம் போகும். ஒரு எட்டு தாமதமானால் வளைவு அகலமாகிவிடும். எனக்குத் தெரிந்தவரை பட்டம் வென்ற குதிரைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், எங்கே நிதானிக்க வேண்டும் என்பதைத் தானே தெரிந்துவைத்திருப்பது. ஒரு குதிரையைப் பார்த்து “நல்ல குதிரை” என்று இவர்கள் சொல்வது அதற்காகத்தான். பயிற்சி, சேணம், மண், லாயத்துப் பராமரிப்பு எல்லாமே அந்த ஒரு எட்டுக்காகத்தான்.

எந்த இனக் குதிரை?

பெரும்பாலும் அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ். கால் மைல் ஓட்டத்தில் மற்ற இனங்களை முந்தியதால் வந்த பெயர். கனத்த பின்தொடை, தாழ்ந்த உடல்வாகு, சட்டென்று நின்று சட்டென்று பாயும் தன்மை. குறுகிய தூரத்தில் மணிக்குச் சுமார் 88 கி.மீ. வரை போகும் என்பார்கள். வேறு இனங்களுக்குத் தடை இல்லை.

விலை எவ்வளவு?

போட்டிக்குத் தயாரான குதிரை என்றால் பல ஆயிரம் டாலர். உச்சத்தில் இருப்பவை லட்சம் டாலரையும் தாண்டும். ஆனால் வரலாற்றில் நிலைத்த இரண்டு குதிரைகள் சொற்ப விலைக்கு வந்தவை. கிறிஸ்டி பீட்டர்சன் 400 டாலருக்கு வாங்கிய போஸோ அவருக்கு 1994, 1996, 1997, 1998 என நான்கு உலகப் பட்டங்களை வாங்கித் தந்தது. அவருடைய மகள் ஜோர்டன் பிரிக்ஸ் 2021-இல் பட்டம் வென்றார். இன்னொரு குதிரைதான் ஸ்கேம்பர்.

ஸ்கேம்பர் என்ற பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. யார் அது?

நியூ மெக்ஸிகோவின் கிளேட்டன் என்ற சின்ன ஊரில் மாட்டுக் கொட்டிலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த குதிரை. பதிவேட்டில் அதன் பெயர் கில்ஸ் பே பாய். முரட்டுக் குதிரை என்று பேர் வாங்கியது. அதை 1,100 டாலருக்கு வாங்கிய குடும்பத்தின் பெண்தான் சார்மெய்ன் ஜேம்ஸ். 1984-இல், 14 வயதில், அவர் உலகப் பட்டம் வென்றார். அதோடு நிற்கவில்லை. 1993 வரை தொடர்ந்து பத்து வருடம் பட்டம் அவரிடமே இருந்தது, பத்தும் ஸ்கேம்பர் மேல். 1987 இறுதி ரோடியோவில் முதுகில் 1-ஆம் எண் அணிந்தார். அந்த வருடம் ரோடியோவில் யாரையும்விட அதிகம் சம்பாதித்தவருக்குக் கிடைக்கும் எண் அது. ஒரு பெண் அதை அணிந்தது அதுவே முதல் தடவை.

எல்லோரும் பேசுவது 1985-இல் நடந்ததைத்தான். இறுதி ரோடியோ லாஸ் வேகஸுக்கு வந்த முதல் வருடம், ஏழாவது சுற்று. உள்ளே வரும்போதே தலையில் கட்டிய கடிவாள வார் கழன்றுவிட்டது. காதுக்குப் பின்னால் இருக்க வேண்டிய வார் நழுவி, கடிவாளம் மார்புக்குக் கீழே தொங்கியது. பிடித்து நிறுத்த வழியில்லை, திருப்பவும் வழியில்லை. 15 வயதுப் பெண் அவர். கையில் லகான் இருந்தும் அதில் பயனில்லை. ஸ்கேம்பர் தானே பேரலை எடுத்தது. தானே நிதானித்தது, தானே வளைந்தது. மூன்றையும் சுற்றி, அந்தச் சுற்றின் முதல் பரிசையும் வென்றது. ரேட் என்றால் என்ன என்பதை விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் என்னிடம் இல்லை. கடிவாளம் இல்லாமலேயே எங்கே குறைக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

ஸ்கேம்பர் காயடிக்கப்பட்ட ஆண் குதிரை, அதனால் வாரிசு இல்லை. அதன் உயிரணுவிலிருந்து 2006-இல் குளோனிங் முறையில் ஒரு குட்டி பிறந்தது, ஊர் பெயரையே வைத்து கிளேட்டன் என்றார்கள். ஸ்கேம்பர் 35 வயது வரை இருந்து 2012-இல் இறந்தது. சார்மெய்ன் 2002-இல் குரூஸர் என்ற வேறு குதிரையில் பதினோராவது பட்டத்தையும் வென்றார்.

ஏன் இது பெண்களின் போட்டியாக இருக்கிறது?

ரோடியோவின் ஆரம்ப காலத்தில் பெண்கள் துள்ளும் குதிரையையும் அடக்கினார்கள். 1929-இல் பெண்டில்டனில் போனி மெக்கரோல் என்ற வீராங்கனை குதிரையிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அதைக் காரணம் காட்டி மெல்ல மெல்லப் பெண்களை அந்தப் போட்டிகளிலிருந்து ஒதுக்கினார்கள். ஆண்கள் அதற்குப் பிறகும் விழுந்து இறந்தார்கள், அவர்களை யாரும் ஒதுக்கவில்லை. 1930-களில் டெக்சாஸின் ஸ்டாம்ஃபோர்டில் பெண்களைத் திரும்ப அழைத்தபோது, உடை எப்படி, குதிரை எப்படி, உட்காரும் தோரணை எப்படி என்று பார்த்துப் பரிசு கொடுத்தார்கள். பேரல்கள் அங்கேதான் வந்தன. நேரம் மட்டுமே அளவுகோல் என்று ஆனது பிற்பாடு.

1948-இல் டெக்சாஸின் சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடிப் பெண்கள் ரோடியோ சங்கத்தைத் தொடங்கினார்கள். மார்கரெட் ஓவன்ஸ் முதல் தலைவர். முறையான விதி வேண்டும், உரிய பரிசுப் பணம் வேண்டும் என்பவைதான் கோரிக்கைகள். 1981-இல் அந்தச் சங்கம் மகளிர் தொழில்முறை ரோடியோ சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இறுதிப் போட்டி 1959-இல் கிளேட்டனில் தனியாக நடந்தது. 1967-இல்தான் ஓக்லஹோமா சிட்டியில் ஆண்களோடு ஒரே மேடைக்கு வந்தது.

பணம் சமமாக இன்னும் காலம் பிடித்தது. ஜிம்மி கிப்ஸ் மன்ரோ தலைவராக இருந்தபோது, 1985-க்குள் சமப் பரிசு தராத ரோடியோக்களுக்கு எங்கள் வீராங்கனைகள் வர மாட்டார்கள் என்று போட்டி நடத்துபவர்களுக்குக் கடிதம் எழுதினார். பெரும்பாலானோர் வழிக்கு வந்தார்கள். இறுதி ரோடியோவில் சமப் பரிசு 1998-இல் கிடைத்தது. அழகுப் போட்டியாகப் பார்க்கப்பட்ட ஒன்றைக் கடிகாரத்தின் கையில் கொடுத்து, பிறகு அந்தக் கடிகாரத்தைக் காட்டியே சமக் கூலி கேட்டு வாங்கினார்கள். இந்த விளையாட்டின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை இருப்பதற்கு இது பெரிய காரணம்.

ஆண்கள் ஓடலாமா?

மகளிர் சங்கத்தின் போட்டிகளில் முடியாது. திறந்த போட்டிகளில் தாராளமாக ஓடலாம். பிரேசிலில் இந்த விளையாட்டு மிகவும் பெரியது, அங்கே ஆண் வீரர்கள் ஏராளம்.

வயது?

மேரி பர்கர் 2016-இல் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு 68 வயது. மேரி வாக்கர் 2012-இல் வென்றபோது 53. அதற்கு முந்தைய வருடம் மகனை விபத்தில் இழந்து, சில மாதங்களில் குதிரை தன் மேல் விழுந்ததில் எலும்புகள் முறிந்து படுத்திருந்தவர். சார்மெய்னின் 14-ஐ மேலே சொன்னேன். உள்ளூர்ப் போட்டிகளில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் வயதான, நிதானமான குதிரைகளில் மெதுவாகச் சுற்றி வருவதைப் பார்க்கலாம்.

ஆம்பர்லி ஸ்னைடரையும் சொல்ல வேண்டும். 2010-இல் வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சேணத்தில் சீட் பெல்ட்டும் வார்களும் பொருத்திக்கொண்டு திரும்ப ஓட வந்தார். காலால் சைகை கொடுக்க முடியாததால் குரலாலும் கையாலும் சொல்வதைக் கேட்கும்படி குதிரையைப் புதிதாகப் பழக்கினார்.

என்னென்ன உபகரணங்கள்?

பேரல் ரேசிங்குக்கென்றே சேணம் உண்டு. எடை குறைவு, ஆழமான இருக்கை, பின்னால் உயரமான முட்டு, முன்னால் மெலிந்து உயர்ந்த கொம்பு. லகான் இரண்டாகப் பிரியாமல் ஒரே துண்டாக இருக்கும், கை தவறினாலும் கீழே விழாது. குதிரையின் கால்களுக்கு உறையும் குளம்புக்கு மேல் மணி வடிவ ரப்பர் காப்பும் போடுவார்கள். பின்னங்கால் முன்னங்காலை மிதித்துக் காயம் படாமல் இருக்க அது.

பெரிய ரோடியோக்களில் கவ்பாய் தொப்பி, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் என்று உடை விதி உண்டு. தொப்பிக்குப் பதில் ஹெல்மெட் போடலாம். முன்பு அதைப் போடத் தயங்கினார்கள். ஒரு விபத்தில் கழுத்து முள்ளெலும்பு முறிந்து மீண்டு வந்த ஃபாலன் டெய்லர், 2014-இல் ஹெல்மெட்டோடு உலகப் பட்டம் வென்றார். உங்கள் பிள்ளை கற்றுக்கொள்ளப் போகிறாள் என்றால் ஹெல்மெட் இல்லாமல் குதிரை மேல் ஏற்றாதீர்கள்.

மண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

கெட்டித் தரையில் குதிரை வழுக்கும், ரொம்ப ஆழமான மண்ணில் கால் புதைந்து தசைநார் இழுக்கும். அதனால் சில ஓட்டத்துக்கு ஒருமுறை டிராக்டர் வந்து பேரல்களைச் சுற்றியுள்ள மண்ணைக் கிளறிச் சமப்படுத்தும். அடுத்த டிராக்டர் வருவதற்குள் குழி விழுந்துவிடும். டிராக்டர் போன உடனே ஓடுவதா, கடைசியில் ஓடுவதா என்பது குலுக்கலைப் பொறுத்தது. டிராக்டர் போகும் நேரத்தில் பார்வையாளர்கள் பாப்கார்ன் வாங்கப் போவார்கள். ஓடப் போகிறவர்கள் வேலி ஓரம் நின்று மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது குதிரைக்குக் கொடுமை இல்லையா?

நியாயமான கேள்வி. நேர்மையாகவே பதில் சொல்கிறேன்.

ரோடியோவின் மற்ற சில போட்டிகள் மேல் வரும் விமரிசனம் இதற்கு அப்படியே பொருந்தாது. இங்கே யாரும் விலங்கை வீழ்த்துவதில்லை, கட்டுவதில்லை. ஓட விருப்பமில்லாத குதிரையை இதில் ஜெயிக்க வைக்க முடியாது. ஆனால் ஆபத்து இல்லை என்று சொன்னால் அது பொய். முழு வேகத்திலிருந்து திடீரென்று திரும்புவதால் பின்னங்கால் மூட்டிலும் கால் தசைநாரிலும் பெரும் பாரம் விழுகிறது. கடும் ஓட்டத்தில் நுரையீரலில் ரத்தக் கசிவு ஏற்படும் குதிரைகள் உண்டு. டிரெய்லரில் பல நூறு மைல் பயணம், தூக்கம் கெட்ட இரவுகள், புதுப் புது லாயங்கள் சேர்ந்து வயிற்றுப் புண்ணையும் கொண்டுவரும்.

எனக்கு மிகவும் கவலை தருவது நாலு வயதுக் குதிரைகளுக்கான பெரும் பரிசுப் போட்டிகள். அதற்குத் தயார் செய்ய இரண்டு, மூன்று வயதிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. எலும்பு முழுமையாக முற்றாத வயது அது. பணம் அங்கே இருப்பதால் அவசரமும் அங்கேதான் இருக்கிறது.

திடலுக்கு வெளியே சந்து வாசலில் ஒரு குதிரை பின்வாங்குவதையும், முன்கால் தூக்குவதையும், உள்ளே போக மறுப்பதையும் நீங்கள் பார்ப்பீர்கள். அதை அடம் என்று சொல்லி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவார்கள், ஏனென்றால் பெரும்பாலும் எங்கோ வலி இருக்கும். ஒருவர் குதிரையை எப்படி வைத்திருக்கிறார் என்பதற்கு எனக்கு அந்த வாசல்தான் சான்று. நல்ல வீராங்கனைகள் வீட்டில் பேரலை வைத்து முழு வேகத்தில் ஓட்டுவது அபூர்வம். நடை, மெதுவோட்டம், திறந்த வெளியில் உலாத்தல் என்றுதான் வாரம் போகும்.

நான் சாதாரண ஆள். வேகமான குதிரைகளோடு எப்படிப் போட்டி போடுவது?

அதற்குத்தான் பிரிவு முறை. 1992-இல் தொடங்கிய தேசிய பேரல் குதிரைச் சங்கம் இதைப் பரப்பியது. எல்லோரும் ஒன்றாக ஓடுவார்கள். அன்றைய வேகமான நேரம் 15.200 என்றால் அது முதல் பிரிவின் முதல் இடம். அதைவிட அரை நொடி கூடுதலான 15.700-இல் இரண்டாம் பிரிவு தொடங்கும், ஒரு நொடி கூடுதலான 16.200-இல் மூன்றாவது, இப்படியே கீழே போகும். ஒவ்வொரு பிரிவுக்கும் பரிசு உண்டு. 15.700 ஓடியவர் இரண்டாம் பிரிவில் ஜெயிப்பார், 15.690 ஓடியவருக்கு முதல் பிரிவில் எதுவும் கிடைக்காமல் போகலாம். கேட்க விசித்திரமாக இருந்தாலும், வார இறுதியில் டிரெய்லர் கட்டிக்கொண்டு வரும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த விளையாட்டில் நிலைத்திருப்பது இந்த முறையால்தான்.

இதே மாதிரி வேறு போட்டிகள் உண்டா?

போல் பெண்டிங் இருக்கிறது. 21 அடி இடைவெளியில் ஆறு கம்புகள் ஒரே வரிசையில் நிற்கும். கடைசிக் கம்பு வரை நேராக ஓடி, திரும்பி, கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து போய், மறுபடி வளைந்து வந்து, நேராக வெளியே ஓட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் ரோடியோக்களில் இதற்கு நல்ல வரவேற்பு. கொடி எடுத்து ஓடுவது போன்ற சிறு போட்டிகளும் உள்ளூரில் நடக்கும்.

ஒரு வருட சீசன் எப்படிப் போகும்?

வருடம் முழுவதும் ரோடியோக்களில் சம்பாதித்த பணம்தான் தரவரிசை. முதல் 15 பேர் டிசம்பரில் லாஸ் வேகஸுக்குப் போவார்கள். அங்கே பத்து இரவு, பத்து சுற்று. சமீப வருடங்களில் ஒரு சுற்றை வென்றாலே 30,000 டாலருக்கு மேல் கிடைக்கிறது. அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4-ஐ ஒட்டிய நாட்கள்தான் மிகக் கடினம். ரோடியோக்கள் குவிந்து வருவதால், இரவெல்லாம் வண்டி ஓட்டி ஒரே வாரத்தில் பல ஊர்களில் ஓடுவார்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

ஹூஸ்டன்காரர்களுக்கு மார்ச் மாதத்தில் நடக்கும் ஹூஸ்டன் ரோடியோ. டெக்சாஸிலேயே சான் அன்டோனியோ, ஃபோர்ட் வொர்த். கோடைப் பயணம் போகிறவர்களுக்கு ஜூலையில் வயோமிங்கின் செயன், கனடாவின் கால்கரி. ஆனால் என் சிபாரிசு, ஒரு தடவையாவது உங்கள் பக்கத்துக் கவுண்டியின் சின்னத் திடலுக்குப் போங்கள். வேலியை ஒட்டி நின்று பார்க்கலாம். குதிரை மூச்சு விடும் சத்தம் கேட்கும்.

முதல் தடவை பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கண் தானாகவே குதிரையின் தலைக்கும் ஓட்டுபவரின் தொப்பிக்கும் போகும். அதை விட்டுவிட்டு முதல் பேரலுக்கு முன்னால் பின்னங்கால்களைப் பாருங்கள். அவை எந்த இடத்தில் வயிற்றுக்கு அடியில் வருகின்றன என்று நாலைந்து ஓட்டம் கவனித்தால், அப்புறம் நேரப் பலகையைப் பார்க்காமலேயே எது நல்ல ஓட்டம் என்று பிடிபடத் தொடங்கும். உட்காரும் இடமும் முக்கியம். வாசலுக்கு எதிரே, மூன்றாவது பேரலுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் விடாதீர்கள், மூன்று திருப்பமும் அங்கிருந்து தெளிவாகத் தெரியும். டிராக்டர் போனதும் உடனே இருக்கைக்குத் திரும்பிவிடுங்கள். மண் புதிதாக இருக்கும்போது ஓடும் முதல் இரண்டு, மூன்று பேரின் ஓட்டத்தைத் தவறவிடக் கூடாது.